நத்தைக் கட்டுரை

மாமியார் காலையிலிருந்தே குட்டி போட்ட பூனையாட்டம் உலாத்திக்கொண்டிருந்தார். கணினி முன்னால் உட்காருவார், இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்ப்பார், பெருமூச்சோடு எழுந்துவிடுவார்.

“பதில் வரலையா அத்தை?” என்றாள் மருமகள்.

“இன்னும் இல்லம்மா.”

“எதைப் பத்தின கட்டுரை?”

“தோட்டத்து நத்தை. முதல் கட்டுரை, பாவம். ஆசை ஆசையா எழுதினது.”

“யாராவது குறை சொல்லிட்டாங்களா?”

“‘ஆதாரம் இல்லை. நீக்கப்படும்’னு ஒரே வரி. ஈவு இரக்கமே இல்லாம.”

மருமகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “புதுசா எழுத வர்றவங்களை இப்படியா மூஞ்சியில அடிக்கிறது? எந்த மகராசன் அது? காட்டுங்க, நானே நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கிறேன்.”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தாம்மா.”

“நீங்களா?”

“புதுசா வர்ற கட்டுரைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல இப்பதான் என்னைப் போட்டாங்க. நான் பார்த்த முதல் கட்டுரை இது. கண்டிப்பா இருக்கணும்னு நினைச்சு எழுதித் தொலைச்சுட்டேன். அந்தப் பிள்ளை எழுதறதையே விட்டுடுச்சோ என்னவோ!”

கணினி ‘டிங்’ என்றது. மாமியார் கண்ணை இறுக மூடிக்கொள்ள, மருமகள்தான் படித்தாள்.

“நூலகத்துக்குப் போய் ஆதாரம் தேடிச் சேர்த்துட்டேன். இப்போ உங்க குறிப்பைப் பத்தி என் கருத்து: விஷயம் சரி. ஆனா ஒரு வணக்கம் சொல்லி ஆரம்பிச்சிருக்கலாம். நீங்களும் இந்த வேலைக்குப் புதுசு போல. கவலைப்படாதீங்க, போகப் போகப் பழகிடும்.”