ஏழாவது ஆள்

தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைப் பூங்காவில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் நீந்தலாம். அங்குள்ள காவல் மிதவை தண்ணீரில் துடிக்கும் மனித இதயங்களை எண்ணும். ஒன்று கூடினாலும் சிவந்துவிடும்.

வழிகாட்டி மெட்டில்டா ஐந்து பயணிகளோடு இறங்கினாள். மிதவை சிவந்து, ஏழு என்று காட்டியது.

"என் கணக்கு தப்பாது. இதுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்று எல்லாரையும் படகில் ஏற்றிவிட்டு, ஒவ்வொருவராக மறுபடி இறக்கினாள். ஈரோட்டிலிருந்து வந்த தாரணி இறங்கியபோது மட்டும் எண் இரண்டு கூடியது.

மெட்டில்டா அவளருகே நீந்திப் போனாள். "நாள் தள்ளிப்போயிருக்கா, தங்கச்சி?" என்று காதோடு கேட்டாள்.

தாரணி யோசித்தாள். பிறகு கண்கள் விரியத் தலையாட்டினாள்.

படகில் மிச்சமிருந்தது அவள் கணவன் சிபி மட்டும்தான். இந்த அனுமதிக்காக மூன்று வருடம் காத்திருந்தவன், முகமூடியை மாட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றான்.

"மிஷின் சரியாயிருச்சாக்கா?"

"அது சரியாத்தான் இருக்கு. நீங்க படகுலயே இருங்க, தம்பி. உங்க இடத்துல உங்க பிள்ளை இறங்கிருச்சு."