பொருந்தாத மெமரி

நகப்பூச்சைத் தொட்டு, கம்ப்யூட்டர் மெமரியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள் ரோசித்சா. பிறகுதான் அதை உறையில் போட்டு மெத்தோதியிடம் நீட்டினாள்.

பல்கேரியாவின் ருசே நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பவள் அவள். மெத்தோதிக்கு எழுபது வயதிருக்கும். மெமரி வாங்கிப்போவதும், மறுவாரம் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தார். அவளும் காலையில் தான் சாப்பிட வைத்திருக்கும் பனித்சா என்ற சீஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, எந்த போர்டுக்கு எது சேரும் என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, வேறொன்றை மாற்றிக் கொடுப்பாள்.

இதற்கிடையில்தான் வேறு இரண்டு பேர், அவளிடம் வாங்கிய மெமரி வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். சோதிக்காமல் எதையும் அவள் விற்பதில்லை. திரும்பி வந்ததைத்தான் மறுபடி சோதிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் மெமரி செருக எத்தனை இடம் என்று கேட்டபோது முதல் வாரம் இரண்டு என்ற மெத்தோதி, அடுத்த வாரம் நான்கு என்றது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதனால்தான் இந்த வாரம் அந்தச் சிவப்புப் புள்ளி.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் உறையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நல்லத நீங்க வச்சுக்கிட்டு, கெட்டுப்போனத என் தலையில கட்டறீங்க. இந்த வயசுல இது தேவையா ஐயா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உறையைப் பிரித்தாள். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. கடையிலிருந்த கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள், மறுபேச்சில்லாமல் ஓடியது.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா, அவசரப்பட்டுட்டேன். இப்பவே கடைய மூடிட்டு உங்க வீட்டுக்கு வரேன். கம்ப்யூட்டரத் திறந்து பாத்து, எது சேருதோ அத நானே போட்டுத் தரேன்."

வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் விடவில்லை, கல்லாவைப் பூட்டிவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

மெத்தோதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்லம்மா."