பின்னால் படுத்திருப்பவர்

இரண்டு முறை கோட்டைவிட்ட பிறகு, லாரி ஓட்டும் தேர்வில் அவள் ஒருவழியாகத் தேறினாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்த தேர்வு அதிகாரி இறங்கும்போது சொன்னார்:

"நல்லா ஓட்டினீங்க. ஆனா பின்னால படுத்திருக்கிறவரை இனிமே கூட்டிட்டு வராதீங்கம்மா."

அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். மடித்த போர்வை மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தாளு முதல்ல கண்ணாடிய மாத்தணும்க்கா" என்றான் அவன்.

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அவளுக்குப் புத்தம் புது லாரியைக் கொடுத்தார்கள். படுக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் இன்னும் பிரிக்கவில்லை. முதல் நாள் சிமெண்ட் மூட்டைகளோடு கிளம்பினாள். கிடங்கு வாசலில் காவலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தூங்கட்டும். நீங்க மட்டும் இறங்கி வந்து கையெழுத்துப் போடுங்க."

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். படுக்கையில் யாரும் இல்லை. நடுவில் மட்டும் ஓர் ஆள் படுத்த அளவுக்கு மெத்தை குழிந்திருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். இதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்த தையல் வேலையை விட்டிருந்தாள். அங்கே இனி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சரக்கை இறக்கியதும் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். வேகத்தடைகளில் வண்டியைத் தன்னையறியாமல் மெதுவாக ஏற்றி இறக்கினாள். மேம்பாலத்தில் போகும்போது பின்னால் பிளாஸ்டிக் உறை சரசரக்க, யாரோ புரண்டு படுத்தார்கள். அவள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, கை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.