குண்டூசி பிடிக்கும் உதடு

விளக்குப் பலகையில் மாட்டிய எக்ஸ்ரேயில் ஞானப்பல் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி தையல்காரி அதையே பார்க்கிறாள். "வேர் நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. எடுத்தா கீழுதடு மரத்துப்போகலாம். சிலருக்கு உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது," என்கிறார் பல் டாக்டர். "விட்டுவச்சா சீழ் தாடைக்கு இறங்கிடும்." ஒப்புதல் தாள் மேசையில் நகர்ந்து வருகிறது. "கையெழுத்தப் போட்ருங்க அண்ணி. மூணு நாளா பச்சத்தண்ணிகூட உள்ள போகல," என்கிறாள் கூட வந்த நாத்தனார். தையல்காரி பேனாவை எடுக்கிறாள். இருபது வருஷமாகத் துணி மடிக்கையில் குண்டூசிகளை உதட்டிடுக்கில்தான் வைத்திருக்கிறாள்; எத்தனை மிச்சம் என்று உதடே சொல்லும். பேனாவைக் கீழே வைக்கிறாள். தோள் சேலையில் செருகியிருந்த குண்டூசியை உருவிக் கீழுதட்டில் அழுத்துகிறாள். தாளில் ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. "இந்த வலியை மட்டும் விட்டுவைங்க டாக்டர்," என்கிறாள்.