திரும்பி வரும் தூரம்

போகும்போது ஆயிரத்து நூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அதே வழியில் ஊர் திரும்பும்போது நூறு கிலோமீட்டர் குறையும், பத்து நிமிடமும் குறையும். எதிர்க்காற்று அடித்தாலும் குறையும். ஆனால் அந்த மீசைக்கார கேப்டன் விமானத்தை ஓட்டினால் மட்டும்தான். மெக்கானிக்குகள் கருவிகளைக் கழற்றி மாட்டியே களைத்துப் போனார்கள்.

அவருடைய துணை விமானியான இளம்பெண் முதல் தடவை வாயைப் பிளந்தபோது கேப்டன் சிரித்தார்.

"எல்லாம் நம்ம வீட்டம்மா வேலைம்மா. ஒரு கையால தையல் மெஷினைச் சுத்திக்கிட்டே, இன்னொரு கையால என்னை இழுக்கிறா."

வீட்டம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் மட்டும் கணக்கு இம்மி பிசகாமல் சரியாக இருந்தது.

போன மாதம் அந்த அம்மா இறந்துபோனார். கேப்டன் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். போகும்போது வழக்கம்போல ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது துணை விமானி தூரம் காட்டும் திரையின் பக்கமே திரும்பவில்லை. இன்றைக்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

பணிப்பெண் நீட்டிய டீயை வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். கீழே, வெயிலில், ஊர் ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது. புறப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"சார்... வந்துட்டோம் சார்."

கேப்டன் ஆவி பறக்கும் டீயை ஓரமாக வைத்தார். கண் கலங்கியிருந்தது. மீசைக்குள் ஒரு சிரிப்பு.

"வராம எப்படிம்மா? இப்ப அவளுக்கு ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு."