நடுவில் நின்ற புல்

வயல் முழுக்க ஒட்ட அறுபட்டிருந்தது. நட்டநடுவில் மட்டும் பாய் விரித்த அளவுக்குப் புல் அப்படியே நின்றது.

"என்ன மாப்ளே, பாதிச் சவரத்துல கண்ணாடி உடைஞ்சிடுச்சா?" இன்ஜின் அடங்கியதுமே வேலியோரம் வந்து நின்ற பால்பண்ணைக்காரர் கேட்டார். கூட வந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

டிராக்டர் ஓட்டிய புருஷனோடு நின்ற அவளுக்கு மானம் போயிற்று. இன்றைய அறுப்பு சுத்தமாக இருந்தால் பண்ணையின் மொத்தப் புல் அறுப்பையும் அவள் புருஷனுக்கே விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக அவன் நேற்றுப் பொழுதெல்லாம் குந்தியிருந்து, டிராக்டரில் மாட்டும் அந்தக் கிழட்டு அறுப்பு இயந்திரத்தின் கத்திப் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டினான். அறுப்புக்கு முன்னாலேயே வயலில் நடந்து கல், கம்பி பொறுக்கும் வேலை அவள் அப்பாவுக்கு. ஒரு கல் சிக்கினாலும் பழைய கத்தி பாழாகிவிடும்.

"கத்தி மழுங்கிடுச்சுங்க," என்றான் அவன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"நேத்துதானே தீட்டுனீங்க?" அவள் பல்லைக் கடித்தாள். "எங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவன் குனிந்து கத்தியில் சிக்கிய புல்லை உருவினான்.

தான் ஓட்டிய காலத்தில் ஒரு புல் தாள்கூட நின்றதில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் அப்பா, இன்று டிராக்டர் சக்கரத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றார். பாவம், மருமகனால் அவருக்கும் தலைகுனிவு. அவர் சட்டை முதுகெல்லாம் ஒட்டியிருந்த புல்விதையை அவள் தட்டிவிட்டாள்.

இன்ஜின் இரைச்சல் ஆகாது என்று அவர் கழற்றிப் பைக்குள் போட்டிருந்த காதுக் கருவியையும் எடுத்து நீட்டினாள். "மாட்டிக்குங்கப்பா. உங்க மாப்பிள்ளை பெருமையை நீங்களும் கேளுங்க."

அவர் மாட்டிக்கொண்டார்.

"மழுங்குன கத்திக்காரனை நம்பி நான் எப்படிப்பா வயலை விடுறது? வேற ஆள் பாத்துக்கறேன்." பால்பண்ணைக்காரர் கிளம்பினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க!"

அப்பாதான் கூப்பிட்டார். மருமகன் ஓடிவந்து, "வேணாம் மாமா, விடுங்க," என்று அவர் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டார்.

"கத்தி மழுங்கலைங்க. அங்க நான் தூங்கிட்டிருந்தேன்."