குறுக்கே நின்ற கஞ்சில்

லியோனல் தன் கஞ்சில் காரைப் பெர்னிஸின் மைவி காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, முன்கண்ணாடிக்குள் தன் போன் நம்பரை வைத்தான்.

நம்பர் ஒரு ஏ4 தாளில் இருந்தது. தாள் முழுவதும் இருந்தது.

"தெரியுதா?"

"சுபாங்ல இறங்குற பிளைட்டுக்கே தெரியும்," என்றேன்.

நான் மதுரையிலிருந்து இங்கே படிக்க வந்து எட்டு மாதம். எங்கள் ஊர் அப்பளம் பங்சார் கடையில் 'இம்போர்ட்டட்' என்று தனி அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் இம்போர்ட்டட்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் இந்த ஊரில் என்னை அசத்தியது அப்பளம் அல்ல, இந்த நம்பர்தான்.

அடுத்தவர் காரை மறித்து நிறுத்துவார்கள். நம்பரை வைத்துவிட்டுத் தோசை தின்னப் போவார்கள். மறிக்கப்பட்டவர் கோபமே இல்லாமல் கூப்பிடுவார். மறித்தவர் கை கழுவிக்கொண்டு நிதானமாக வந்து எடுப்பார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மதுரையில் செய்தால் நம்பர் மட்டும்தான் மிஞ்சும்.

லியோனலுக்கு அந்த அழைப்பு வேண்டும். பெர்னிஸ் டீச்சர். போஸ்டிங் வந்துவிட்டது, புதன்கிழமை கடல் தாண்டிச் சரவாக் போகிறாள். இந்த ஞாயிறை விட்டால் வேறு ஞாயிறு இல்லை. ஆறு மாதமாக பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் அவளுக்கு மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, அவள் காதில் விழும்படி அவன் சொன்ன ஒரே வார்த்தை 'ஆமென்'.

"சர்ச் வாட்ஸ்அப் குரூப்ல அவ நம்பர் இருக்குல்ல?"

"அதுலேருந்து எடுத்தா திருட்டு, ப்ரோ. அவளா கூப்புடணும்லா."

சொல்லிவிட்டு எதிர்ச்சாரிக் கடையில் ஒரு தே தாரி டீ கிளாஸுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். நான் தேவாலய வாசலில் காவல்.

அந்தக் கஞ்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிறக்கும்போதே சிறிய கார். லியோனல் அதற்கு ஊதா வண்ணம் அடித்து, பின்னால் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு ஒரு ஸ்பாய்லர் பொருத்தியிருந்தான். வேகத்துக்காகப் பின்சீட்டைக் கழற்றினான். ஏர்கோனைக் கழற்றினான். ஸ்பேர் டயரையும் விடவில்லை. 'வெயிட்ட கொறைக்கணும்' என்பது அவன் வாழ்க்கையில் கடைப்பிடிக்கும் ஒரே கொள்கை.

ஆராதனை முடிந்து பெர்னிஸ் வெளியே வந்தாள்.

கஞ்சிலைப் பார்த்தாள். நம்பரைப் படித்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

நான்கு எண்கள் அழுத்தினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னாமா, வழிய அடைச்சிட்டானா?"

சிரில் அங்கிள். பாடகர் குழுத் தலைவர். அவர் பேசினாலே ஜன்னல் அதிரும்.

"போன் எல்லாம் எதுக்குமா? அவன் வரதுக்குள்ள மழ வந்துரும். டேய் கேவின், எல்லாரையும் வரச் சொல்லு!"

ஐந்து பேர் வந்தார்கள். அங்கிளோடு ஆறு. மூலைக்கு இருவராக நின்றதில் ஒரு மூலைக்கு ஆள் இல்லை.

"தம்பி, சும்மாதானே நிக்கிற? வந்து புடி லா."

நான் விசாவில் இருப்பவன். பெரியவர்கள் சொன்னால் மறுப்பதில்லை. பின்பக்க இடது மூலையைப் பிடித்தேன்.

பாட்டு தொடங்குவதற்குக் கொடுக்கும் அதே தலையசைப்பை அங்கிள் கொடுத்தார். கஞ்சில் எழுந்தது. முதல் மூச்சிலேயே எழுந்தது.

"இது காரா, பிஸ்கட் டின்னா?" என்றார் ஒருவர்.

எதிர்க்கடையில் லியோனல் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றான். அவனுடைய கொள்கை அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது.

பெர்னிஸ் முன்னால் நடந்து இடம் காட்டினாள். ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் இறக்கினோம். பாடகர் குழு கையைத் தட்டிக்கொண்டு மீஹூன் சாப்பிட உள்ளே போனது.

அவளுக்கு வழி திறந்துவிட்டது. மைவியில் ஏறி எஞ்சினைப் போட்டாள்.

லியோனல் ரோட்டைக் கடந்து வந்து, வாசல் சுவருக்குப் பின்னால் என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான்.

"நீயுமாடா தூக்குன?"

"ஒரு மூலதான்."

"போச்சு. எல்லாம் போச்சு. சரவாக்குக்கே போயிட்டா."

அப்போது அவன் போன் அடித்தது. தெரியாத நம்பர். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

"லியோனலா? பெர்னிஸ் பேசறேன். உங்க காரு பாஸ்டர் காரை பிளாக் பண்ணுது. அவரு அவசரமா கிள்ளான் போகணுமாம். கொஞ்சம் வரீங்களா?"

"தோ... தோ வரேன்," என்றான். ஆமெனுக்கு அடுத்தபடியாக அவளிடம் அவன் பேசியது.

பேசி முடித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். காரை நோக்கி அல்ல. முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நேராகப் பாஸ்டரிடம் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

பாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டில் மீஹூன் குவிந்திருந்தது.

"சாரி, பாஸ்டர். தோ இப்ப எடுத்துர்றேன். கிள்ளானுக்கு லேட் ஆயிருச்சா?"

பாஸ்டர் முள்கரண்டியை நிறுத்தினார்.

"கிள்ளானா? சாயங்காலம் வரைக்கும் மீட்டிங்பா, நான் எங்க போறேன்? நீ சாப்புட்டியா?"

லியோனல் மெதுவாகத் திரும்பி வெளியே பார்த்தான்.

மைவிக்கு முன்னால் ஒரு லோரியே போகும் அளவுக்கு வழி காலியாகக் கிடந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மைவி நகரவில்லை.